டஸ்ட் கலெக்டர் இழுக்க மாட்டேன் என்கிறதா?

பர்மாவில், யாங்கோனை அடுத்த சிரியத்தில் எங்கள் மரப் பட்டறை. இப்போது பலகைகளில் தான்லின் என்று எழுதியிருக்கும், நம் ஆட்கள் வாயில் இன்னும் சிரியம்தான். கதவு, ஜன்னல், பூஜை அலமாரி செய்கிறோம். மரம் பெரும்பாலும் இடித்த வீடுகளிலிருந்து வரும் பழைய தேக்கு, கொஞ்சம் படாக், நிலைக்கட்டைக்குப் பியின்கடோ. மூன்றுமே மோசமான தூள். தேக்குத் தூளில் எண்ணெய்ப் பசை இருப்பதால் பையில் அப்பிக்கொள்ளும். படாக் நம் வேங்கை மரத்தின் உடன்பிறப்பு. பர்மியப் புத்தாண்டான திங்யான் சமயத்தில் மஞ்சளாகப் பூத்து ஊரையே மணக்க வைக்கும், அறுத்தால் கைக்குட்டையில் செக்கச்செவேல் என்று சளி வரும்.

இரண்டாவது டஸ்ட் கலெக்டர், அதாவது மரத்தூளை உறிஞ்சிப் பையில் சேர்க்கும் மெஷின், வாங்கப் பணம் எண்ணி வைத்த பிறகுதான் முதல் கலெக்டரில் என்ன குறை என்று பார்க்க உட்கார்ந்தேன். மோட்டார் நன்றாகவே இருந்தது. குறை முழுக்க காற்று வரும் வழியிலும் போகும் வழியிலும். அதனால் பெரிய மோட்டார் வாங்கக் கடைக்குக் கிளம்புவதற்கு முன் உங்கள் பட்டறையில் எந்த அறிகுறி தெரிகிறது என்று பாருங்கள்.

முதலில் அளந்து வையுங்கள்

நன்றாக இழுக்கும் நாளில் எவ்வளவு இழுத்தது என்று தெரியாமல், இழுக்காத நாளில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. கடையில் கிடைக்கும் மெல்லிய, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ட்யூப் இரண்டு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், மீன் தொட்டிக்குப் போடுவார்களே அதுதான். அதை ‘ப’வைப் போல ஒரு பலகையில் வளைத்துக் கட்டி, பாதி அளவுக்குச் சாயத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையைத் திறந்தபடி விட்டு, மறு முனையை, கலெக்டரின் ஊதி விசிறிக்கு (ப்ளோயர்) இரண்டடி முன்னால் குழாயில் சின்ன ஓட்டை போட்டுச் செருகுங்கள். மெஷின் ஓடும்போது ஒரு பக்கம் தண்ணீர் ஏறும், மறு பக்கம் இறங்கும். இரண்டுக்கும் நடுவே எத்தனை அங்குலம் என்பதுதான் கணக்கு.

இரண்டு அளவு எடுக்க வேண்டும். எல்லாக் கேட்டையும், அதாவது ஒவ்வொரு மெஷினுக்கும் போகும் குழாயில் உள்ள அடைப்புத் தகட்டை, மூடி ஒன்று, ஒரே ஒரு மெஷின் கேட்டைத் திறந்து ஒன்று. இரண்டையும் பென்சிலால் சுவரில் எழுதி வையுங்கள். எங்கள் சுவரில் முதல் அளவு எட்டரை என்று இருக்கிறது. பின்னாளில் கோளாறு வந்தால் இப்படிப் படிக்கலாம்: மூடிய அளவே குறைந்துவிட்டால் விசிறியின் வேகமோ சுற்றும் திசையோ கெட்டிருக்கிறது, இல்லையென்றால் எங்கோ ஓட்டை. மூடிய அளவு சரியாக இருந்து, திறந்தால் மட்டும் அளவு வழக்கத்தைவிட அதிகமாகக் காட்டி மெஷின் வாயில் இழுவை இல்லை என்றால், ட்யூப்புக்கும் மெஷினுக்கும் நடுவே அடைப்பு. திறந்த அளவும் குறைவு, இழுவையும் குறைவு என்றால் பை அடைத்திருக்கிறது. நான் வாங்கிய எந்த மீட்டரும் இந்தத் தண்ணீர் ட்யூப் அளவுக்கு எனக்கு உதவியதில்லை.

ஓட்டையைத் தேட ஊதுபத்திப் புகை காட்டச் சொல்வார்கள். வேண்டாம், கங்கு உள்ளே போனால் பை பற்றிக்கொள்ளும். நான் பூஜைத் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை விபூதி எடுத்து ஒவ்வொரு ஜாயிண்டிலும் தூவிப் பார்ப்பேன். ஓட்டை இருந்தால் சட்டென்று உள்ளே போய்விடும். எங்களிடம் வேலை செய்யும் பர்மியத் தம்பி முகத்தில் பூசும் தன் தனக்கா பவுடரை எடுத்து வந்தான், அதுவும் வேலை செய்கிறது.

நேற்று இழுத்தது, இன்று இழுக்கவில்லை

“அண்ணே, சத்தம் வருது, காத்து வருது, தூள் மட்டும் போக மாட்டேங்குது” என்று தம்பி வந்து நின்றான். பையைத் தட்டினோம், குழாயைக் கழற்றிப் பார்த்தோம், எல்லாம் சுத்தம். தண்ணீர் ட்யூபில் எட்டரை இருக்க வேண்டிய இடத்தில் நாலு. அரை நாள் போன பிறகுதான் உறைத்தது, அன்று காலை கரண்ட் போய் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தோம்.

மூன்று ஃபேஸ் மோட்டாரில் ஃபேஸ் வரிசை மாறினால் மோட்டார் எதிர்த் திசையில் சுற்றும். எந்தப் பக்கம் சுற்றினாலும் ஊதி விசிறி காற்றை அதே திசையில்தான் தள்ளும், ஆனால் மிகக் குறைவாகத் தள்ளும். அதனால்தான் பார்ப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். பை உப்புகிறது, சத்தம் கேட்கிறது, இழுவை மட்டும் பாதி. முந்தின வாரம் ஜெனரேட்டரைப் பழுது பார்க்க வந்தவர் ஒயரை மாற்றி மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

கண்டுபிடிப்பது சுலபம். ஸ்விட்சை அணைத்துவிட்டு, சுற்று நிற்கப்போகும் நேரத்தில் மோட்டாரின் பின் விசிறியைப் பாருங்கள். விசிறிக் கூட்டின் மேல் இருக்கும் அம்புக்குறியோடு ஒத்துப்போகிறதா? இல்லையென்றால் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் போதும். ஆனால் அதைக் கலெக்டரில் மாற்றாதீர்கள். வரிசை ஜெனரேட்டர் பக்கம் மாறியிருந்தால் மற்ற மூன்று ஃபேஸ் மெஷின்களும் எதிர்த் திசையில்தான் சுற்றும். எங்கள் ரம்பம் சிங்கிள் ஃபேஸ், மரம் இழைக்கும் பிளானரை அன்று யாரும் தொடவில்லை. தொட்டிருந்தால் கதை வேறு. லைன் கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்சின் ஜெனரேட்டர் பக்கத்து ஒயரைத்தான் எலக்ட்ரீஷியனை வைத்து மாற்ற வேண்டும்.

வாங்கிய நாளிலிருந்தே மந்தம்

இங்கே பட்டறைகளில் ஜப்பான் பழைய மெஷின்கள் நிறைய. மோட்டார் தகட்டைத் துடைத்துப் படியுங்கள். ஜப்பானில் கிழக்குப் பக்கம் 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பக்கம் 60 ஹெர்ட்ஸ். நம்மிடம் 50. 60 ஹெர்ட்ஸில் நிமிஷத்துக்கு 3450 சுற்று சுற்றிய மோட்டார் இங்கே 2850 பக்கம்தான் சுற்றும். விசிறியில் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் காற்றும் ஆறில் ஒரு பங்கு குறையும், ஆனால் இழுக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். நீளமான குழாய் போட்டவர்களுக்கு இதுதான் அடி.

இதற்குச் சரியான வைத்தியம் இன்வெர்ட்டர், அதாவது மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ். சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட்டை வாங்கி 200 வோல்ட் மூன்று ஃபேஸாக, 60 ஹெர்ட்ஸில் கொடுக்கும். அது வாங்கினால் ஜப்பான் மோட்டாருக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டாம். பெரிய விசிறி சக்கரம் மாட்டித் தருகிறேன் என்பவர்களிடம் நான் போக மாட்டேன். மோட்டார் தாங்குமா என்று அவர்களும் சொல்வதில்லை.

கலெக்டர் பக்கத்தில் இழுக்கிறது, மெஷினில் இழுக்கவில்லை

நான் பார்த்த பட்டறைகளில் பத்தில் எட்டுக்கு இதுதான் வியாதி.

டஸ்ட் கலெக்டர் நிறையக் காற்றை மெதுவான இழுவையில் நகர்த்தும் சாதனம். வீட்டு வேக்குவம் கிளீனர் அதற்கு நேர் எதிர், கொஞ்சக் காற்று, வலுவான இழுவை. அதனால் கலெக்டரின் குழாயைச் சுருக்கினால் அதன் உயிரே போய்விடும். நாலு அங்குலக் குழாயை ரெட்யூசர் போட்டு இரண்டரை அங்குலமாக்கினால் காற்று போகும் பரப்பு நாற்பது சதவீதம்கூட மிஞ்சாது. “சின்ன வாயில் வேகமாக இழுக்குமே” என்பார்கள். வாய்க்கு அருகே வேகமாகத்தான் இருக்கும், மெஷினைச் சுற்றி இருக்கும் தூளை அள்ளிவர அந்தக் காற்று போதாது.

கணக்கு ஒன்று மனசில் இருக்கட்டும். தூள் குழாயில் படியாமல் மிதந்து வர நிமிஷத்துக்கு ஏறத்தாழ 4000 அடி வேகம் வேண்டும். அந்த வேகத்தில் நாலு அங்குலக் குழாய் நிமிஷத்துக்குச் சுமார் 350 கன அடிக் காற்றைத்தான் கொண்டு போகும். ஆறு அங்குலக் குழாய் சுமார் 785. சீவலை மட்டும் அள்ள 350 போதும். மூக்கில் ஏறும் நுண்தூளையும் பிடிக்க வேண்டுமென்றால் 800 பக்கம் வேண்டும் என்பதுதான் மரவேலைக்காரர்கள் பரவலாகச் சொல்லும் கணக்கு. அதாவது மெஷின் வாயிலேயே நாலு அங்குலம் என்றால், பின்னால் எவ்வளவு பெரிய மோட்டார் வைத்தாலும் பெரிய மாற்றம் வராது. மெயின் குழாயை ஆறு ஆக்கி, முடிந்தால் மெஷின் வாயையும் பெரிதாக வெட்டுங்கள்.

அடுத்தது வளையும் ஹோஸ். உள்ளே வரி வரியாக இருப்பதால் அதே நீள பிவிசி குழாயைவிட மூன்று மடங்கு வரை காற்றைப் பிடித்து நிறுத்தும். எங்கள் ரம்பத்துக்கு நாலு மீட்டர் ஹோஸ் சுருண்டு கிடந்தது, “எதுக்கும் இருக்கட்டும்” என்று. ஒரு மீட்டராக வெட்டிவிட்டு மிச்சத்துக்குப் பிவிசி போட்டோம். அன்றே வித்தியாசம் தெரிந்தது, செலவு ஒரு குழாய்தான்.

எல்போவில் ஒரே 90 போடாமல் இரண்டு 45 போட்டு, நடுவே ஒரு சாண் நேர்க்குழாய் விடுங்கள். கிளைக்கு ‘டீ’ வேண்டாம், ‘ஒய்’ போடுங்கள். அதன் கால் காற்று ஓடும் திசையில் சாய்ந்திருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் போடுகிறவரைக் கூப்பிட்டால் திருப்பி மாட்டிவிடுவார், பக்கத்தில் நில்லுங்கள்.

குழாய் ஒரே இடத்தில் அடைக்கிறது

படுத்துக் கிடக்கும் குழாயின் அடியில் தூள் படிந்தால் வேகம் போதவில்லை. இங்கே பெரிய குழாய் போட்டதுதான் தப்பாக இருக்கலாம். ஒன்றரை குதிரைச் சக்தி மோட்டாருக்கு ஆறு அங்குலம் போட்டுவிட்டு, ஒரு நாலு அங்குல கேட்டை மட்டும் திறந்தால் ஆறு அங்குலக் குழாயில் காற்று தவழும். இன்னொரு கேட்டையும் பாதி திறந்து வையுங்கள். எல்போவில் அடைத்தால் உள்ளே ஏதாவது ஸ்க்ரூ நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிளானரின் நீளச் சுருள் அதில் மாட்டிக்கொள்ளும், அப்புறம் குருவிக்கூடுதான்.

ரம்பத்தில் தூள் முகத்தில் அடிக்கிறது

டேபிள் சாவில் அடியில் நன்றாக இழுத்தாலும், பல்லின் இடுக்கில் சிக்கிய தூள் ஒரு சுற்று சுற்றி மேலே வந்து அறுப்பவர் முகத்தில்தான் விழும். பலகையின் ஓரத்தை மெல்லியதாகச் சீவும்போது பாருங்கள், தாறுமாறாகப் பறக்கும். பல்லின் ஒரு பக்கத்தில் மரமே இல்லையே, தடுக்க ஆளில்லை. பிளேடைச் சுற்றி இருக்கும் தகட்டை ஒட்டுப்பலகையில் செய்து, பிளேடு போகும் அளவுக்கு மட்டும் வெட்டி மாட்டினால் பாதி குறையும். மீதிக்கு, மேலிருந்து இரண்டரை அங்குலக் குழாயோடு ஒரு மூடி தொங்கவிட வேண்டும். பிளேடு காப்பு மூடியும் அதுவே ஆகிவிடும்.

ரம்பத்தின் பெட்டியில் உள்ள ஓட்டைகளையெல்லாம் அடைக்கச் சொல்வார்கள். நானும் அடைத்தேன், ஒன்று விடாமல். இழுவை செத்துப்போனது. உள்ளே வரக் காற்றுக்கு வழியில்லாமல் வெளியே போகக் காற்று ஏது? ஒரு போத்தலின் வாயை உறிஞ்சிப் பாருங்கள், புரிந்துவிடும். குழாய் வாய்க்கு எதிர்ப்பக்கம், பெட்டியின் மேல் மூலையில், குழாய் அளவுக்கு ஒரு திறப்பு விட்டேன். காற்று பெட்டி முழுவதையும் பெருக்கிக்கொண்டு போகிறது.

பேண்ட் சாவில் தூள் பிளேடோடு கீழ்ச் சக்கரத்துக்குப் போய் டயரில் அப்பும், பிளேடு தடம் மாறும். கீழ்ப் பெட்டியின் மூலையில் இருக்கும் வாய் போதாது. மேஜைக்கு நேர் கீழே, பிளேடு மரத்தை விட்டு வெளியே வரும் இடத்தில் இன்னொரு வாய் வையுங்கள். மைட்டர் சாவில் முழுசாகப் பிடிக்கவே முடியாது. பின்னால் ஒட்டுப்பலகையில் ஒரு கூடாரம் கட்டி ஆறு அங்குலக் குழாய் வைத்ததோடு விட்டுவிட்டேன்.

இழைத்த பலகையில் சின்னச் சின்னக் குழி

இதைக் கத்தி மழுங்கியதன் குறை என்று நினைத்து கத்தி தீட்டிக்கொண்டே இருப்பார்கள். ஈரத் துணியால் பலகையைத் துடைத்துப் பாருங்கள். குழி மேலெழுந்தால் அது அமுக்கிய தடம், கத்தி பறித்ததல்ல. பலகையை ஒரே கனத்துக்கு இழைக்கும் திக்னஸரில் சீவலைச் சரியாக இழுக்கவில்லை என்றால் அது மறுபடி பலகை மேல் விழும், வெளியே தள்ளும் உருளை அதை மரத்தில் அழுத்திவிடும். குழாயைக் கவனியுங்கள், பிறகு ஊதி விசிறியின் வாயில் இருக்கும் குறுக்குக் கம்பியைப் பாருங்கள். சுருள் சீவல் அங்கே தேன்கூடு மாதிரி கட்டியிருக்கும்.

கத்தி மழுங்கியிருந்தால் சீவல் வராது, மாவு வரும். தேக்கில் மணல் சத்து இருப்பதால் கத்தி சீக்கிரம் மழுங்கும். கலெக்டரில் மாவு கூடினால் சாணைக்கு நேரம் ஆகிவிட்டது.

டிரம் காலி, பை நிறைகிறது

கலெக்டருக்கு முன்னால் பிரிக்கும் டிரம் வைத்தவர்களுக்கு இது வரும். பெரும்பாலும் மூடியில் காற்றுக் கசிவு. டிரம்முக்குள் இழுவை இருப்பதால் கசிவு வழியே வரும் காற்று, அடியில் விழுந்த தூளைக் கிளப்பி மறுபடி மேலே அனுப்பிவிடும். மூடி விளிம்பில் சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டுங்கள். டிரம் முக்கால்வாசிக்கு மேல் நிறைந்தாலும் இதே கதி. பிளாஸ்டிக் டிரம் என்றால், எல்லாக் கேட்டையும் மூடினால் ‘டப்’ என்று உள்வாங்கி நசுங்கும். இரும்பு டிரம்மே நல்லது.

தரை சுத்தம், மூக்கு நிறையத் தூள்

இதுதான் மோசமானது, ஏனென்றால் மெஷின் நன்றாக வேலை செய்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். இரவில் கரண்ட் போனதும் ஒரு நாள் டார்ச் அடித்தேன். கலெக்டரை அணைத்து அரை மணி ஆகியிருந்தது. வெளிச்சக் கோட்டில் தூள் அப்படியே மிதந்துகொண்டிருந்தது. கூடவே வந்த சாதாரணத் துணிப் பை 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் தூளைத்தான் பிடிக்கும். நுரையீரலுக்குள் போவது பத்து மைக்ரானுக்கும் சின்னது. அதைத் தரையிலிருந்து அள்ளி, பை வழியே சலித்து, பட்டறை முழுக்கத் தூவிக்கொண்டிருந்தது என் மெஷின். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் முதல் பிரிவில் சேர்த்தது 1995இல். மூக்கிலும் அதன் பக்க அறைகளிலும் வருவது.

ஒரு மைக்ரான் ஃபெல்ட் பை, அல்லது மடிப்பு மடிப்பான கேனிஸ்டர் ஃபில்டர் வாங்குங்கள். எங்கள் பட்டறைக்குச் சுவர் ஒரு பக்கம் கிடையாது, அதனால் இன்னும் மலிவான வழி இருந்தது. கலெக்டரையே வெளியே தகரக் கொட்டகையில் வைத்துவிட்டோம். ஏசி போட்ட அறைக்கு இது சரிவராது.

மழைக்காலத்தில் பை கனத்துப்போய் அடைக்கும். ஈரமும் தேக்கு எண்ணெயும் சேர்ந்து பையின் உள்பக்கம் அடை மாதிரி ஆகிவிடும். தினமும் வேலை முடிந்ததும் மெஷின் நின்ற பிறகு பையைக் குலுக்குங்கள். துவைக்காதீர்கள். மெல்லிய தூள் படலம் கொஞ்சம் இருந்தால்தான் பை நன்றாகச் சலிக்கும். கேனிஸ்டரில் காற்று அடிப்பதாக இருந்தால் வெளியிலிருந்து உள்ளே அடியுங்கள், மெதுவாக, வாயில் மாஸ்க்கோடு.

ஹோஸைக் கழற்றினால் மோட்டார் ட்ரிப் ஆகிறது

தலைகீழாகத் தோன்றும், ஆனால் சரிதான். இந்த வகை விசிறி நிறையக் காற்று நகர்த்தும்போதுதான் நிறைய கரண்ட் இழுக்கும். குழாய் அடைத்தால் மோட்டாருக்கு வேலை குறையும், சத்தம்கூட மெல்லிசாகி ஏறும். குழாய் இல்லாமல் வெறுமனே ஓடவிட்டால் சுமை உச்சத்துக்குப் போகும். வோல்டேஜ் குறைந்த மாலை நேரத்தில் இது நடந்தால் மோட்டார் சுட்டுவிடும். வெறும் வாயோடு ஓட்டாதீர்கள்.

சாண்டரைக் கலெக்டரில் மாட்டினேன், இழுக்கவில்லை

இழுக்காது. சாண்டரின் சின்ன ஓட்டைகளுக்கு வலுவான இழுவை வேண்டும், அதற்கு வேக்குவம்தான். படாக் சாண்டிங் செய்த அதே வேக்குவத்தோடு வெளுத்த மரத்துக்குப் போவதற்கு முன் ஹோஸைத் தட்டிவிடுங்கள், சிவப்பு ஏறினால் போகாது.

மாலையில் லேசாகக் கருகல் வாசனை

இதை மட்டும் நாளைக்கு என்று விடாதீர்கள். பழைய வீட்டுத் தேக்கில் ஆணி இருக்கும். காந்தம் வைத்துத் தேடியும் ஒன்று தப்பும். ரம்பம் ஆணியில் பட்டால் பொறி பறக்கும், அது குழாய் வழியே பைக்குப் போய்த் தூளுக்குள் புதைந்துகொள்ளும். உடனே எரியாது. மணிக்கணக்கில் கனன்று, ஆள் போன பிறகு எரியும். ரம்பம் ஆணியில் இடித்த சத்தம் கேட்டால் மெஷினை நிறுத்திப் பையைக் கழற்றுங்கள். அதே காரணத்துக்காக, இரும்பு அரைக்கும் கிரைண்டரை இந்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே வைக்கக்கூடாது.

நாங்கள் இப்போது டிரம்மையும் பையையும் தினமும் வெளியே, சுவரிலிருந்து பத்தடி தள்ளி, மூடியுள்ள தகர டிரம்மில் கொட்டிவிடுகிறோம். ஒரு நாள் கொட்டும்போது நடுவே புளியங்கொட்டை அளவுக்குக் கரி உருண்டை ஒன்று உருண்டு வந்தது. தொட்டுப் பார்த்த தம்பி கையை உதறிக்கொண்டான். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் பூட்டினோம்.